பந்தி விசாரித்த சீஃப்

கத்தி பிடிப்பதைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தர இந்த மலையில் இப்போது ஆள் இருக்கிறார்கள். எனக்குக் கையும் லேசாக நடுங்கத் தொடங்கிவிட்டது. புதிதாக வந்திருக்கும் அறுவை மருத்துவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கேட்டபோது, "புத்திமதியெல்லாம் எனக்கு எழுத வராது, கோபம் வந்த கதை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அதை எழுதுகிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கோபம் வந்த கதைதான், ஆனால் நாங்கள் ஜெயித்த கதை. அதனால் நடுநடுவே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். வயதானவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தேயிலையின் விலை அடியோடு விழுந்த காலம் அது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியெல்லாம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கிடந்தன. சிறு தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். பறிக்கிற கூலிக்குக்கூட விற்ற காசு காணாது என்றார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. பெரிய எஸ்டேட்டுகளில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். அந்த எஸ்டேட்டுகள் கொடுக்கும் சந்தாவில்தான் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஓடியது. அவர்கள் கை சுருங்கினால் எங்கள் வயிறு காயும். முதலில் எக்ஸ்ரே எடுப்பவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அப்புறம் இரண்டாவது ஆம்புலன்ஸ் போனது. அடுத்தது ஆபரேஷன் தியேட்டர்தான் என்று காரிடாரில் பேச்சு அடிபட்டது.

தியேட்டர் மூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தேயிலை மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சரிவில் குனிந்து தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கும் குடலிறக்கம் அடிக்கடி வரும். இறங்கிய குடல் இறுகிக்கொண்டால் உடனே திறந்தாக வேண்டும், தாமதித்தால் குடல் அழுகிவிடும். எங்கள் தியேட்டர் இல்லையென்றால் அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். மழையில் மண் சரிந்து கிடந்தால் அதற்கும் வழியில்லை. அங்கே இருந்த ஒரே சர்ஜன் நான். என் தியேட்டர் எனக்கு எவ்வளவு முக்கியமென்று புரிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் சீஃப் மலையேறி வந்தார். நான் கோயம்புத்தூரில் படித்த காலத்தில் என் யூனிட்டின் தலைவர் அவர். நோயாளி உட்காரும் வரைக்கும் தான் உட்கார மாட்டார். தையல் நூலில் ஒரு விரல் நீளம் வீணானாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து செத்துப்போனவரின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்பது வரை நான் அவரிடம் பார்த்துக் கற்றதுதான். அவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார்.

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று புதுவித மெஷ் செய்கிறதாம். குடல் மறுபடி இறங்காமல் வயிற்றுச் சுவரில் வைத்துத் தைக்கும் வலைதான் மெஷ், வெளிநாட்டுச் சரக்கைவிட விலை குறைவு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் குடலிறக்க நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்தப் புது மெஷ், பாதிப் பேருக்கு வழக்கமாக நாங்கள் வைக்கும் மெஷ். யாருக்கு வலி குறைவு, யார் சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள் என்று பார்த்து ஓர் ஆய்வு. நோயாளிக்குச் செலவே இல்லை. பதிலுக்குக் கம்பெனி ஒரு புது மயக்க மருந்து மெஷின் கொடுக்கும், ஆய்வு நடக்கும் வரைக்கும் தியேட்டர் செலவையும் ஏற்றுக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியை நடத்தும் கமிட்டியின் தலைவர் கை கூப்பிவிட்டார். அவரும் ஓர் எஸ்டேட் முதலாளி, சொந்தத் தோட்டமே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது பாவம். நானும் துள்ளிக் குதித்தேன். தியேட்டர் பிழைத்தது!

சீஃப் மாதாமாதம் வருவார். இரண்டு நாள் என்னோடு சேர்ந்து ஆபரேஷன். முந்தைய மாதங்களில் ஆபரேஷன் ஆனவர்களை, தான் வந்த மூன்றாம் நாள் வரச்சொல்லி அவரே கூப்பிட்டுக் கேட்பார். "வலி இருக்குதுங்களா?" "இல்லீங்க." "வேலைக்குப் போறீங்களா?" "போறேனுங்க." புது மெஷ் வைத்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். அவ்வளவு நன்றாக இருந்ததில் எனக்கே ஆச்சரியம். அந்த வருடம் ஊட்டியில் நடக்கவிருந்த அறுவை மருத்துவர்கள் கூட்டத்தில் இந்த முடிவைப் படிப்பதாக இருந்தார் சீஃப். என் பெயரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கும் இனித்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பெனியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி சார்பில் நான் போனேன்.

எங்கள் கொங்குப் பக்கத்து விசேஷங்களில் ஒரு முறை உண்டு. வாசலில் நின்று கை கூப்பி "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவது விசேஷ வீட்டுக்காரர்தான். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் விருந்தாளி அங்கே நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது. பந்தியில் இலை இலையாகப் போய் "சாப்பாடு எப்படீங்க, இன்னும் கொஞ்சம் வெக்கச் சொல்லட்டுங்களா" என்று விசாரிப்பதும் வீட்டுக்காரர்தான். பத்திரிகையில் யார் பெயர் போட்டிருந்தாலும் சரி, எங்கள் ஊர்க்காரர்கள் வாசலைப் பார்த்தே விசேஷம் யாருடையது என்று சொல்லிவிடுவோம்.

நான் போய் இறங்கியபோது வாசலில் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக நின்றது எங்கள் சீஃப்.

பக்கத்தில் அவர் மனைவி சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். குத்துவிளக்கில் முதல் திரியை ஏற்றியதும் அந்த அம்மாள்தான். பந்தியில் உட்கார்ந்தோம். சீஃப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை இலையாக வந்தார். அன்றைக்குப் பாயாசம் அடிப்பிடித்திருந்தது. புகை வாடை மூக்கில் ஏறியது. அவர் என் இலைக்கு முன்னால் நின்று "பாயாசம் எப்படிங்கண்ணு?" என்று கேட்டார். "ரொம்ப நல்லாருக்குதுங்க சார்" என்றேன். எனக்கு இந்தப் பக்கம் இருந்தவரும் அந்தப் பக்கம் இருந்தவரும் அதையேதான் சொன்னார்கள்.

கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இது உங்க கம்பெனியா?"

"பேரு என்ர மச்சினனோடது. பணம் அவுங்க குடும்பத்துதும் என்ரதும் சேர்ந்ததுதான். ஏங்கண்ணு?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே சார்."

"சொல்றதுக்கு என்ன இருக்குது? இந்தப் பக்கம் எல்லாத்துக்கும் தெரியும். ஒளிச்சு வெச்சிருந்தா வாசல்ல வந்து நிப்பனா?"

"மலையில இருக்கற நோயாளிகளுக்குத் தெரியுங்களா? கமிட்டிக்குத் தெரியுங்களா? ஊட்டிக் கூட்டத்துல சொல்லுவீங்களா?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவுங்களுக்கு எதுக்குக் கண்ணு அது? எவனோ செஞ்ச சரக்க நம்பி வெக்கறதுக்கு, என்ர சரக்க நானே நம்பி வெக்கறேன். சொந்தக் காசு போட்டவன் கெட்டதச் செய்வானா?" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் திருடர் இல்லை. சொந்தக் காசைப் போட்டுத் தொழில் செய்வதை நாணயத்துக்கு அடையாளமாக நினைக்கும் ஊரில் பிறந்தவர். அவர் நினைத்ததில் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும் பாதி.

பஸ் பர்லியாறு தாண்டி மேலே ஏறும்போது எனக்கு அந்தப் பாயாசம் நெஞ்சிலேயே நின்றது. நன்றாக இல்லை என்று நான் ஏன் சொல்லவில்லை? கேட்டது வீட்டுக்காரர். அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? அப்படியானால் மாதாமாதம் எங்கள் ஓ.பி.யில் என்ன நடக்கிறது? மெஷ்ஷைச் செய்தவரே வந்து வலிக்கிறதா என்று கேட்கிறார். இலவசமாக வைத்துக்கொண்டவர்கள் இல்லை என்கிறார்கள். போதாக்குறைக்கு, வலிக்கிறது என்று சொன்னால் மெடிக்கல் லீவு. அந்தப் பஞ்ச காலத்தில் லீவில் போனவனுக்குத் திரும்ப வேலை கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? ஆஹா ஓஹோ என்று நாங்கள் எழுதி வைத்திருந்த முடிவு மெஷ்ஷின் முடிவா, மரியாதையும் பயமும் சேர்ந்து சொன்ன முடிவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீஃப் மேல் வந்த கோபம் பாதி, அவர் மேல் கோபப்பட வேண்டியிருக்கிறதே என்ற கோபம் பாதி.

அடுத்த முறை சீஃப் வந்தபோது கமிட்டி கூடியது. நான் எழுந்து இரண்டு விஷயங்கள் கேட்டேன். இந்த மெஷ் கம்பெனியில் சீஃபுக்குப் பங்கு இருக்கிறது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வலியை விசாரிக்கிற ஆள் கம்பெனிக்கும் எஸ்டேட்டுக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும்.

சீஃபின் முகம் சிவந்தது. "இத்தன வருசத்துல ஒரு நோயாளிகிட்ட நான் பொய் சொல்லிப் பாத்திருக்கறியா நீ?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க சார். உங்ககிட்ட அவுங்க நெசத்தச் சொல்ல மாட்டாங்கன்னு சொல்றேன். அன்னைக்குப் பாயாசம் அடிப்புடிச்சிருந்துச்சு. ஒருத்தராச்சும் உங்ககிட்டச் சொன்னாங்களா?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் தனி அழைப்பில் வந்து அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்கள். அவர்கள் டீ கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "டாக்டரம்மா, சொன்னா ஆளுங்க பயந்துட்டு ஓடிருவாங்க. ஆய்வு நின்னு போகும். ஆய்வு நின்னா கம்பெனி காசு நிக்கும். இந்த மாசக் கடைசியோட தியேட்டரப் பூட்ட வேண்டியதுதானுங்க. ஒரு வார்த்தை பேசாம இருந்தா உங்க தியேட்டர் ஓடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

உங்களில் யாருக்காவது இப்படி ஓர் இடத்தில் நிற்க நேரும். அப்போது மூளை என்னென்ன சமாதானம் சொல்லும் என்று தெரியுமா? தியேட்டர் இருந்தால் எத்தனை உயிர் பிழைக்கும், அதற்காக ஒரு சின்ன விஷயத்தை விழுங்கினால் என்ன என்று சொல்லும். கேட்க ரொம்ப நியாயமாக இருக்கும். எனக்கும் சொன்னது. ஆனால் ஆபரேஷன் மேசையில் படுப்பவர் என்னை நம்பித்தான் மயக்க ஊசிக்குக் கையை நீட்டுகிறார். அவரிடம் மறைத்து நடத்துகிற தியேட்டர் எத்தனை நாள் தியேட்டராக இருக்கும்?

"சொல்லாம இனி ஒருத்தரையும் மேசையில படுக்க வெக்க மாட்டேனுங்க" என்றேன். "பூட்டறதுன்னா பூட்டிக்குங்க."

"என்னைய நம்பாத எடத்துல எனக்கென்ன வேலை?" என்று சீஃப் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன். காரை எடுக்கச் சொல்லத்தான் போனார். ஆனால் காரிடாரில் ஆபரேஷன் ஆனவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். காத்திருக்கும் நோயாளியை விட்டுவிட்டுப் போய்ப் பழக்கமில்லாத மனிதர். நின்றுவிட்டார்.

"வா. உன்ர கண்ணு முன்னாடியே கேக்கறேன்" என்று ஓ.பி. அறைக்குள் நுழைந்து முதல் ஆளைக் கூப்பிட்டார்.

வந்தவர் முத்தையா. இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர், இங்கே கவ்வாத்து வெட்டுகிற வேலை. அவருக்கு வைத்தது புது மெஷ். முத்தையா உட்கார்ந்த பிறகு சீஃப் உட்கார்ந்தார். "வலி ஏதாச்சும் இருக்குதா முத்தையா?"

"இல்லைங்க ஐயா. நல்லா இருக்கேன்."

சீஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கும் பார்வை.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு முத்தையாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணே, உங்க வயித்துல வெச்சிருக்கற வலை இந்த ஐயா குடும்பத்துக் கம்பெனி செய்யற வலை. அது வித்தா இவருக்குக் காசு வரும். இத முன்னாடியே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். இப்ப நீங்க என்ன சொன்னாலும் ஐயா கோவிச்சுக்க மாட்டாரு. உங்க தோட்டத்துக்கும் இங்கிருந்து ஒரு பேச்சும் போகாது."

முத்தையா சீஃபைப் பார்த்தார். "ஐயாவோட சாமானா இது?"

"ஆமாப்பா" என்றார் சீஃப். கோபத்தில்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். "இருக்கறதச் சொல்லு."

முத்தையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "குனிய ஏலாதுங்க ஐயா. கவ்வாத்து வெட்டக் குனிஞ்சா உள்ளுக்குக் கம்பி வச்சுக் குத்துற மாதிரி நோகுது. பொம்பள புள்ளைங்க வந்து என் வரிசையையும் சேத்து வெட்டிக் குடுக்குறாங்க."

"இத்தன மாசமா இல்லைன்னியேப்பா?"

"எங்களுக்குச் சும்மா வச்சுக் குடுத்தீங்க. ஒவ்வொரு தரமும் அம்புட்டு தூரத்துல இருந்து நீங்களே வந்து கேக்குறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க ஐயா சொல்றது? வேலைய வேற நிப்பாட்டிருவாங்க."

சீஃப் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முத்தையாவைப் படுக்க வைத்து, வலிக்கிற இடத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்து, குனிகிற வேலை இல்லாத இடத்தில் அவரைப் போடச் சொல்லித் தோட்டத்துக்குத் தானே பேசுவதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். "தோட்டத்துக்குப் பேச்சு போகாதுன்னு இப்பத்தானுங்க சார் சொன்னேன்." முத்தையாவும் சிரித்தார். "ஐயா பேசினா நல்லதுதாங்க. நீங்களே பேசுங்க" என்று அனுமதி கொடுத்தார்.

அடுத்த ஆள் உள்ளே வந்ததும் நான் வாயைத் திறக்கும் முன்பே சீஃப் ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க, மொதல்ல ஒண்ணு சொல்லீர்றேன். உங்குளுக்கு வெச்ச வலை எங்க ஊட்டுக் கம்பெனி வலைங்க. வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க, எனக்குக் கோவமில்லை." அன்றைக்கு அந்த பெஞ்சில் இருந்தவர்களில் புது மெஷ் வைத்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னார். சிலருக்கு உண்மையிலேயே வலி இல்லை. பலருக்கு இருந்தது. எல்லாம் குனியும்போது வருகிற அதே குத்தல்.

மதியம் தலைவர் ஜீப்பில் ஏறப் போகும்போது சீஃப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தியேட்டரப் பூட்டாதீங்க. மெஷினும் இங்கதான் இருக்கும், செலவும் நிக்காது. மெஷ் நல்லதுன்னு முடிவு வந்தாலும் சரி, நாசமாப் போச்சுன்னு வந்தாலும் சரி, குடுத்தது குடுத்ததுதானுங்க. மச்சினன்கிட்ட நான் பேசிக்கறேன். இது வரைக்கும் எழுதுனதெல்லாம் வேண்டாம், மொதல்ல இருந்து ஆரம்பிக்கறோம். டாக்டரம்மா கேட்ட ரெண்டும் நடக்கும்."

தலைவர் தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எனக்கு அந்த ஜீப்பின் மேல் ஏறி நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஊட்டிக் கூட்டத்தில் அந்த வருடம் நாங்கள் ஒன்றும் படிக்கவில்லை. குந்தாப் பக்கத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். அவருக்கு எங்கள் கமிட்டியையும் தெரியாது, கம்பெனியையும் தெரியாது. யாருக்கு எந்த மெஷ் என்பதையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அவர் சாயங்காலங்களில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கே போய், அவர்கள் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டு, குனியச் சொல்லி நிமிரச் சொல்லி விசாரித்து வந்தார். தலைவர் பயந்த மாதிரி ஆட்கள் ஓடினார்களா? ஒரு கை விரலுக்குள் அடங்குகிற சிலர், "கடைக்காரரே வந்து எடை போடறாரா, எனக்குப் பழைய வலையே போதும்" என்றார்கள். அவர்களுக்குப் பழையதையே வைத்தோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. மற்றவர்கள் சொன்னது வேறு. "இவ்வளவு வெளிப்படையாச் சொல்றீங்க, அப்ப மத்ததும் நெசமாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்கள். சொல்லாமல் மறைத்து நாங்கள் சம்பாதிக்க நினைத்த நம்பிக்கை சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது.

ஆய்வு முடிந்ததும் சீஃபின் மச்சினர் ஒரு நாள் மலையேறி வந்து தியேட்டர் வாசலில் நின்று கத்தினார். குடும்பத்தையே விற்றுவிட்டீர்கள் என்றார். சீஃப் அவரை உட்கார வைத்து, முத்தையாவை வரவழைத்து எதிரே உட்கார வைத்தார். இரண்டு பேரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே போன மச்சினர் அந்த மெஷ்ஷின் உற்பத்தியை நிறுத்தினார். கொஞ்ச காலம் கழித்து அதே கம்பெனியிலிருந்து மெல்லிய இழையில், துணி மாதிரி வளைகிற ஒரு மெஷ் வந்தது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் அதைத்தான் வைத்தேன். அருமையான மெஷ். எனக்கு அந்தக் கம்பெனியில் ஒரு பைசா பங்கு கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் படிக்காமல் விட்டதற்கு அடுத்த வருடக் கூட்டத்தில் ஊட்டி மேடையில் சீஃப் ஏறினார். அரங்கம் நிறைய அவரிடம் படித்தவர்கள். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லித் தொடங்கியவர் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"படம் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லீர்றேனுங்க. இந்த மெஷ்ஷச் செஞ்ச கம்பெனில என்ர ஊட்டுக்காரிக்கும் எனக்கும் பங்கு இருக்குது. அவுங்க சரக்கு வித்தா எனக்குக் காசு வரும். அதனால வலி இருக்குதான்னு கேட்டது நானில்லை. கேட்டவங்க அதோ மூணாவது வரிசைல உக்காந்திருக்கறாங்க. இனி நான் சொல்றத அத வெச்சு நீங்களே எடை போட்டுக்குங்க."

அப்படி ஒரு வார்த்தையை அந்த மேடையில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் முடிவைச் சொன்னார். குடல் மறுபடி இறங்காமல் காப்பதில் இரண்டு மெஷ்ஷும் சமம். குனிந்து நிமிர்வதில் அவருடைய புது மெஷ் தோற்றுவிட்டது. சொந்தச் சரக்கு தோற்றதை இவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்ன மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த பட்ட மேற்படிப்பு மாணவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அப்புறம் அரங்கமே தட்டியது.

வேடிக்கை அதற்கு அப்புறம்தான். அடுத்துப் பேச வந்தவர் குடலை இணைக்கும் ஒரு ஸ்டேப்ளரைப் பற்றிப் படிக்க வந்தவர். மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். காகிதங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார். கடைசியில், "எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. போன வருஷம் நான் வெளிநாடு போயிட்டு வந்தது இந்தக் கம்பெனி எடுத்துக் குடுத்த டிக்கெட்டுலதான்" என்றார். அரங்கம் கொல்லென்று சிரித்தது, சிரித்துக்கொண்டே கை தட்டியது. அவருக்கு அடுத்தவர் தானாகவே சொன்னார். அவருக்கு அடுத்தவர் தனக்கு எதுவும் இல்லை என்று மார்பை நிமிர்த்திச் சொன்னார். அதற்கும் கைதட்டல். அமர்வுக்குத் தலைமை தாங்கிய பெரியவர் எழுந்து, "இன்னைக்கு மத்தியானச் சாப்பாடும் ஒரு கம்பெனி செலவுதான், சாப்பிடறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க" என்றார்.

பங்கு இருப்பது பாவமில்லை, தம்பிகளே, தங்கைகளே. உங்களிலும் யாராவது நல்ல கருவி கண்டுபிடிப்பீர்கள், அதில் காசு பார்ப்பீர்கள், பாருங்கள். அதைச் சொல்லிவிட்டு, தீர்ப்புச் சொல்லும் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளுங்கள். என்னை யாரும் வாங்க முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் சீஃபை யாரும் வாங்கவில்லை. ஆனாலும் முத்தையா மாதக்கணக்கில் வலியை விழுங்கினார்.

அந்தச் சாப்பாட்டை நானும் சீஃபும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பக்கத்து எஸ்டேட்டில் மூட்டை தூக்கும் ஒருவருக்குக் குடல் இறுகிவிட்டது. மழை வேறு, கீழே பாதையில் மண் சரிந்து கிடந்தது. "நானும் வர்றேன்" என்று சீஃப் காரில் ஏறிக்கொண்டார். நாங்கள் போய்ச் சேரும்போது தியேட்டரில் விளக்கு எரிந்தது, நோயாளி மேசையில் தயாராக இருந்தார். சீஃப் கை கழுவிக்கொண்டு வந்து, சர்ஜன் நிற்க வேண்டிய பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். "நீ பண்ணு. நான் புடிச்சுக்கறேன்."

திறந்தால் குடல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. இறுக்கத்தை விடுவித்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தோம். வெட்டி எடுத்துவிடலாமா என்று என் கை பரபரத்தது. "பொறு கண்ணு" என்றார் சீஃப். மெல்ல மெல்ல ஓரத்தில் ஒரு சிவப்பு ஓடியது. பிறகு அந்தக் குடல் ஒரு முறை நெளிந்தது. முகமூடிக்குள் நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். சிஸ்டர் பழக்கத்தில் மெஷ் பாக்கெட்டை நீட்டினார். "வேண்டாங்க சிஸ்டர். குடல் இறுகுன எடத்துல வலை வெச்சாச் சீழ் புடிக்கும். வெறும் தையல் போதும்" என்றார் மெஷ் கம்பெனிக்காரர்.

நோயாளியின் மனைவி வெளியே மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாக நின்றிருந்தார். அவரிடம் போய்ச் சொல்வது எப்போதும் சீஃபின் வேலை, அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்குக் கையுறையைக் கழற்றியபடியே கதவைக் காட்டி, "போ, உன்ர தியேட்டர்தான, நீ போய்ச் சொல்லு" என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு போய், காரிடார் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "பொழச்சுக்கிட்டாருங்க!"